தொண்டைக்குப் பாயிண்ட் பார்த்த கதை

பெட்டியின் மேல், மருத்துவத் தொழிலில் இருப்பவர்களின் உபயோகத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. என் மாப்பிள்ளை செந்திலும் தொழிலில் இருப்பவர்தான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். பூமிக்குள் ஆயிரம் அடி துளை போடுகிறவருக்கு, எட்டு வயதுப் பெண்ணின் வாய்க்குள் ஒரு பஞ்சுக்குச்சியை விடுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அந்தக் குச்சி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதனால் என் பேத்தி இனியாவின் தொண்டையில் ஆரம்பித்த சமாச்சாரம் அவளுடைய சிறுநீரகத்தில் போய் நின்றபோது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தப்பான பதில் கிடைத்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இன்னும் பல வீடுகளில் இந்தப் பெட்டி வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

நான் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வைத்தியம் பார்க்கிறவன் அல்ல, கிருமி பார்க்கிறவன். தொண்டையிலிருந்து மாதிரி எடுப்பது எப்படி என்று ஆண்டுதோறும் புது மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நாக்கை ஒரு தட்டையான குச்சியால் அழுத்த வேண்டும். விளக்கு வேண்டும். பஞ்சுக்குச்சி நாக்கிலும் கன்னத்திலும் படாமல் உள்ளே போய், இரண்டு பக்கத்து டான்சில் சதையையும் பின்சுவரையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். பிள்ளைக்குக் குமட்டல் வந்தால் சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நுழைவுத் தேர்வில் நாட்டையே வென்று வந்த பிள்ளைகள் முதல் தடவை நாக்கைத் தடவிவிட்டுத் திரும்பி வருவார்கள். நாக்கில் தேடினால் காலையில் தின்ற சட்னிதான் கிடைக்கும்.

இப்போது இது வீட்டு வேலை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு அம்மா, அமெரிக்காவில் தன் தங்கை வீட்டில் இதெல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினாராம். அவ்வளவுதான். ஆளுக்கொரு சோதனைப் பெட்டி. தங்கையின் ஊரில் நெகட்டிவ் என்று வந்தால் டாக்டரிடம் போய் இன்னொரு மாதிரி கொடுத்து, அதைத் தட்டில் வளர்த்தும் பார்ப்பார்கள் என்பதைத் தங்கை சொல்லவில்லை. அல்லது அக்கா கேட்கவில்லை. செந்தில் தனியாக ஒன்று வாங்குகிற வம்சம் அல்ல. ரிக்குக்குத் துளை போடும் பிட் வாங்குவது போலப் பெட்டியாக வாங்கி ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

செந்திலின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பாயிண்ட் பார்க்கிறவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். ஒருவர் சொன்னால் போதாது. இன்னொருவரையும் நடக்கவிட்டு, இரண்டு பேர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தில் ரிக் வண்டியை நிறுத்துவார்கள். தண்ணீர் வந்தால் பாயிண்ட் சரி. வராவிட்டால் நிலத்துக்காரருடைய நேரம் சரியில்லை. பாயிண்ட் தப்பு என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இனியாவுக்கு ஒரு சாயங்காலம் திடீரென்று காய்ச்சல் அடித்தது. எச்சில் விழுங்கினால் வலி. கழுத்தில் தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. மருத்துவம் படித்தவர்கள் காதை நிமிர்த்துகிற இடம் இதுதான். பிள்ளைகளின் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூக்கு ஒழுகும், இருமும், குரல் கம்மும், தானாகப் போகும். அதற்குச் சோதனையும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். மூக்கும் இருமலும் இல்லாமல் காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும் வந்தால், ஸ்ட்ரெப் என்று சுருக்கமாகச் சொல்லும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. மருந்தை முழுதாகக் கொடுக்காவிட்டால் சிலருக்குப் பின்னால் மூட்டையும் இதயத்தையும் தொடும். இந்தப் பாக்டீரியா வந்து போன பிறகு சிலருக்குச் சிறுநீரகமும் வீங்கும்.

இதில் எதுவும் அந்த வீட்டில் பேசப்படவில்லை. செந்திலின் அக்கா சரோஜா பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருக்கிற குடும்பம். வெறுங்கையோடு வந்ததே இல்லை. உள்நாக்கு இறங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, இனியாவின் உச்சி முடியை ஒரு கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாராம். பிறகு வெற்றிலையும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் ஒரு டம்ளர். அது தொண்டையைக் கழுவிக்கொண்டு இறங்கிய சூட்டோடு, செந்தில் பெட்டியைப் பிரித்தார்.

"வாயத் தொற சாமி. ஆ சொல்லு."

"ஆ சொன்னா குத்துவீங்க."

"குத்த மாட்டேன். சும்மா தொட்டுட்டு எடுத்தர்றேன்."

"அப்ப மொதல்ல அண்ணனுக்குப் பண்ணுங்க."

அண்ணன் கவினுக்குப் பதினோரு வயது. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அன்று சாயங்காலம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து மூன்று முட்டை தோசை சாப்பிட்டிருந்தான். ஆனாலும் செந்திலுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. இரண்டு பாயிண்ட் பார்ப்பது நல்லதுதானே. கவின் பெருமையோடு வாயைத் திறந்தான். குச்சி பின்சுவர் வரை போய், அவனுக்குக் குமட்டி, கண்ணில் தண்ணீர் வந்தது. கல்லூரியில் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அதைப் பார்த்த இனியா தன் முறை வந்ததும் பல்லைக் கடித்தாள். என் மகள் மஞ்சுளா அவள் தலையைப் பிடித்துக்கொள்ள, குச்சி இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டி, நாக்கின் நுனியில் தடவிக்கொண்டு வெளியே வந்தது.

குச்சியைப் பெட்டியில் உள்ள சொட்டு மருந்தில் கலக்கி, சோதனைப் பட்டையை அதில் வைத்தால், ஒரு கோடு வந்தால் நெகட்டிவ், இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். ஒரு கோடு என்றால் மருந்தும் பட்டையும் வேலை செய்கின்றன என்று மட்டும் அர்த்தம். குச்சி எங்கே போய் வந்தது என்று பட்டைக்குத் தெரியாது.

கவினுக்கு இரண்டு கோடு. இனியாவுக்கு ஒன்று.

வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும், நோயாளிக்கு இல்லை, நோயில்லாதவனுக்கு இருக்கிறது என்றால் சோதனையில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டிருக்கும். இவர்கள் தேங்காயைச் சந்தேகப்பட்டுப் பழக்கம் இல்லாதவர்கள்.

"நோவு பையங்கிட்ட இருக்குது," என்றார் செந்தில். "புள்ளைக்கு அவங்கிட்ட இருந்து சூடுதான் ஒட்டியிருக்குது."

"அப்பிடித்தான் இருக்கும்," என்றார் சரோஜா. "கஷாயம் அந்தச் சூட்ட எடுத்துரும்."

உண்மை என்னவென்றால் சோதனை கவினிடம் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளில் கொஞ்சம் பேருடைய தொண்டையில் இந்தப் பாக்டீரியா எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கும். அவனுக்குப் பெரும்பாலும் வைத்தியம் தேவையில்லை. அதனால்தான் படித்த டாக்டர் எவரும் நோயில்லாத பிள்ளையின் தொண்டையில் குச்சியை விடமாட்டார். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் பேரனே சாட்சி. பட்டையைப் போட்டோ எடுத்து மெடிக்கல் கடையில் காட்டி, ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிவந்து, நோயில்லாத பையனுக்கு ஐஸ்கிரீமில் வைத்துக் கொடுத்தார்கள். நோயிருந்த பெண்ணுக்கு வெற்றிலைக் கஷாயம்.

சில நாளில் இனியாவின் காய்ச்சல் தானாக இறங்கியது. மருந்தே இல்லாவிட்டாலும் இந்தக் காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். அதுதான் இதில் உள்ள சூது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது. அதற்கு முன்னால் சொன்னால் நான் பாடம் எடுப்பேன் என்று மஞ்சுளா தடுத்துவிட்டாளாம்.

"ஏனுங் மாமா, நல்லாருக்கீங்ளா? பாப்பாவுக்குத் தொண்டை வலியா இருந்துச்சுங். நாங்களே டெஸ்ட் பண்ணிட்டோமுங். நெகட்டிவ்."

"குச்சிய யாரு உட்டது?"

"நாந்தானுங்."

"எங்க தொட்டீங்க மாப்பிள்ளை?"

"தொண்டை டெஸ்ட்டுக்குத் தொண்டையிலதானுங் மாமா தொடறது. முட்டியிலயா தொடுவாங்க?"

பின்னால் மஞ்சுளா சிரித்தது கேட்டது. அப்படியே இருந்தாலும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மாதிரியை ரத்தம் கலந்த தட்டில் தடவி வளர விட்டுப் பார்ப்பதுதான் கல்ச்சர். ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆனால் குச்சி சரியாகப் போயிருந்தால் அது அநேகமாகத் தவறவிடாது.

"காச்சலே போயிருச்சுங் மாமா. தண்ணி வந்த குழிக்கு மறுக்காப் போயி யாராவது பாயிண்ட் பாப்பாங்களா?"



அந்தப் பேச்சு மறந்துபோன பிறகு, ஒரு காலையில் இனியா முகம் உப்பி எழுந்தாளாம். கண் இமை இரண்டும் பணியாரம் போல. அவர்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது. டோக்கன் வாங்கி, நெடுநேரம் காத்திருந்து, இரண்டு நிமிடம் பார்க்கலாம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். சமீபத்தில் தொண்டை வலி வந்ததா? இல்லீங், டெஸ்ட் பண்ணோம், நெகட்டிவ் என்று பதில். அப்படியானால் அலர்ஜி என்று எழுதி அனுப்பிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சிறுநீர் பார்க்கவில்லை. ரத்த அழுத்தமும் பார்க்கவில்லை, பிள்ளைகளின் கைக்குப் பொருந்தும் பட்டை அங்கே கிடையாதாம். டாக்டரிடம் போவது என்று நான் சொன்னது இதை அல்ல. வீட்டில் குச்சி விட்டவராவது வாயைத் திறக்கச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவதாகப் போட்ட திட்டத்தை அலர்ஜிக்காக யாரும் மாற்றவில்லை. என் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறுகிற இடத்தில் இருக்கிறது. மேலே போகிற உறவினர் எல்லாருக்கும் அது கழிவறை உள்ள சுங்கச்சாவடி. அவர்களும் வந்தார்கள். தலை வலிக்கிறது என்று இனியா காரிலேயே படுத்திருந்தாள். இறங்கும்போது வாந்தி எடுத்தாள். மலைப்பாதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பாத்ரூமிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மா, ஒண்ணுக்கு வரக்காப்பி மாதிரி வருது."

மஞ்சுளா போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் என்னைக் கூப்பிட்டாள். அந்த அளவுக்காவது நான் வளர்த்திருக்கிறேன். பால் விடாத காப்பியின் நிறம்தான். குழந்தையின் கால் எலும்பின் மேல் விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"மலைக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்புங்க," என்றேன்.

"அலர்ஜிக்கு இப்பத்தானுங் மாமா மருந்து—"

"திருப்புங்க மாப்பிள்ளை."

சேலத்தில் குழந்தைகளுக்கான ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்க்கும் சின்னப் பட்டை இருந்தது. செவிலி அதை இனியாவின் கையில் சுற்றிக் காற்று ஏற்றினார், எண்ணைப் பார்த்தார், இன்னொரு தடவை ஏற்றினார். அப்புறம் டாக்டரைக் கூப்பிடப் போனார். நடந்து போகவில்லை.

வந்தவர் இளம்பெண். தலைமுடியைப் பேனாவால் சொருகிக் கட்டியிருந்தார். எட்டு வயதுக்கு இந்த அழுத்தம் மிகவும் அதிகம், இதைக் குறைக்காவிட்டால் வலிப்பு வரலாம் என்றார். ஊசி போடச் சொல்லிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்கு முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல் வந்துச்சா?"

"டெஸ்ட் எடுத்தோமுங் மேடம். நெகட்டிவ்," என்றார் செந்தில். அந்தச் சொல்லை அவர் ஆதார் அட்டை போல எடுத்து நீட்டுவார்.

"எந்த லேப்?"

"ஊட்டுலயே பண்ணதுங்."

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் மஞ்சுளா பேசிவிட்டாள்.

"குச்சி உள்ளயே போகலீங்க டாக்டர். அவ கடிச்சுட்டா. நாக்குலதான் பட்டுச்சு. நான்தான் தலையப் புடிச்சிருந்தேன், எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி கஷாயம் வேற குடிச்சிருந்தா. காச்சல் நல்லா இருந்துச்சு, முழுங்கவே முடியலை."

"அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் செந்தில்.

"நெகட்டிவ்னு வந்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் சொல்லலை."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். திட்டவில்லை. இனியாவின் பக்கத்தில் குனிந்து, டார்ச்சைத் தன் வாய்க்குள் காட்டி முதலில் தான் ஆ சொன்னார். இனியா சிரித்துவிட்டு வாயைத் திறந்தாள். ஆக, பேத்தியின் தொண்டையை முதல் முதலாக ஒருவர் பார்த்தார். அதற்குள் தொண்டையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

நோயை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப் பாக்டீரியாவை எதிர்த்து உடல் தயாரிக்கிற எதிர்ப்பொருள், வேலை முடிந்த பிறகு அந்தப் பாக்டீரியாவின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்கிறது. வடிகட்டி வீங்குகிறது. உப்பும் தண்ணீரும் வெளியேறாமல் உடம்பில் தங்கும். அதுதான் பணியாரக் கண். அழுத்தம் ஏறும். வடிகட்டியில் ரத்தம் கசியும். அதுதான் வரக்காப்பி. தொண்டை ஆறி வாரங்கள் கழித்து இது வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. என்று ஒரு சோதனை. உடம்பு ஸ்ட்ரெப்பைச் சந்தித்திருக்கிறதா என்று அது சொல்லும். இனியாவின் உடம்பு சந்தித்திருந்தது. அளவு எக்கச்சக்கம்.

"அப்ப அந்த நெகட்டிவ்?" என்று செந்தில் என்னிடம் கேட்டார்.

"நாக்கு நெகட்டிவ்," என்றேன்.

பிள்ளைகளில் பெரும்பாலோர் இதிலிருந்து முழுதாக மீண்டுவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெரும்பாலோர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் முகம் தெளிந்தார்கள். எனக்குத் தெளியவில்லை. பெரும்பாலோர் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மிச்சம் இருப்பவர்களைப் பற்றித்தான் மீதிப் பாடம் எடுப்பேன்.

மறுநாள் சிறுநீர் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. ஏறினால் தள்ளவில்லை என்று அர்த்தம். இப்படியே போனால் டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று டாக்டர் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். அதாவது சிறுநீரகத்தின் வேலையை வெளியிலிருந்து செய்வது. சில நாளைக்குத்தான், பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் என்ன பொருள் என்று செந்திலுக்குக் கூடத் தெரிந்திருந்தது.

இனி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குவளையில் இருந்தது. இனியா எவ்வளவு குடிக்கிறாள், எவ்வளவு சிறுநீர் போகிறாள் என்று அளந்து சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செந்தில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கி, கோட்டைப் பார்த்து, செவிலியிடம் சொல்வார். வாழ்நாள் முழுக்க ஒரு துளையின் வாயில் நின்றுகொண்டு எத்தனை இஞ்சு தண்ணீர் வருகிறது என்று பார்த்தவர். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புழுதி மட்டும் வருகிற குழியின் பக்கத்தில் நிற்கிற முகம்.

"இன்னிக்கும் கம்மிங் மாமா," என்பார். திட்டுவதற்கு ஆள் தோதாக இல்லாமல் போய்விட்டார்.

உப்பு கூடாது. உப்பில்லாத இட்லியைக் கடித்துவிட்டு, "அப்பா, இது தெர்மாகோல்," என்றாள் இனியா. செந்தில் தட்டில் இன்னொன்றை எடுத்துத் தானும் தின்றார். அதன் பிறகு அந்த வார்டில் இருந்தவரை அவரும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டார். கீழே கேன்டீனில் போண்டா வாசனை வார்டு வரை வரும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மஞ்சுளா சொன்னதற்கு, "அவ வாசம் புடிச்சுருவா," என்றார். இந்தத் தியாகத்தால் வைத்தியத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இனியா தட்டைக் காலி செய்தாள்.

சரோஜா பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வாழைத் தாரும் ஒரு தூக்கு ரசமும் கொண்டு வந்தார்.

"உப்புப் போடலீங் மாமா. வெறும் இந்துப்புத்தான் போட்டேன்."

"இந்துப்பும் உப்புதானுங்களே."

"அது மருந்துங்."

ரசத்தை நான் வாங்கி வைத்தேன். வாழைப்பழத்தைச் செவிலி வாங்கி வைத்தார். சிறுநீர் போகாத பிள்ளைக்கு வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று அவர் விளக்கியபோது, சரோஜாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. தன் தோட்டத்துப் பழம் யாரையும் கொல்லும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. தாரை வார்டில் இருந்த மற்றவர்கள் தின்று தீர்த்தார்கள். சரோஜா ஊருக்குத் திரும்பாமல், மாற்று உடை மடிப்பதும் இனியாவின் காலை வருடுவதுமாகத் தங்கிவிட்டார். உச்சி முடியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று இனியா கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

அந்த நாட்களில் செந்திலுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பாதி, ரிக் பையன்கள். மீதி, வாட்ஸ்அப் குழு. ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டது. ஓர் அம்மா, பையனுக்குத் தொண்டை வலி, ஒரு கிட் கிடைக்குமா என்கிறார். இன்னும் முக்கால் பெட்டி தக்காளிக்குப் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

"காலியாயிருச்சுங்க," என்றார் செந்தில். கொஞ்சம் பொறுத்து, "பையனுக்கு இருமல் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மா. "அப்ப வாய டார்ச் அடிச்சுப் பாக்கற டாக்டராப் பாத்துப் போங்க. பாக்கலீன்னா எந்திரிச்சு வந்துருங்க."

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டு வாக்கியத்தை எழுதத்தான் என்பதால் அப்படியே போட்டுவிட்டேன்.

ஒரு காலையில் நான் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இனியாவின் வார்டிலிருந்து செந்தில் குவளையோடு வெளியே வந்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முக்கால் இருந்தது. நிறம் கூட வரக்காப்பியிலிருந்து பால் விடாத டீக்கு இறங்கியிருந்தது.

"மாமா," என்றார். "தண்ணி வந்துருச்சுங்."

குழியில் தண்ணீர் பீறிட்டால் ரிக் வண்டியில் இருப்பவர்கள் கத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் முணுமுணுத்தார். குவளையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இதுவரை ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். எதையும் இரண்டு கையால் பிடித்ததில்லை.

பிறகு கிரியாட்டினின் இறங்கியது. அழுத்தம் இறங்கியது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று செந்தில் டாக்டரிடம், அப்போதே தொண்டைக்கு மருந்து கொடுத்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டார். டாக்டர் நேர்மையானவர். நிச்சயமாகச் சொல்ல முடியாது, தொண்டைக்கு மருந்து கொடுத்தாலும் சிலருக்குச் சிறுநீரகத்தில் வருவதுண்டு என்றார்.

"பாத்தீங்ளா மாமா," என்று செந்தில் என் பக்கம் திரும்பினார்.

பார்த்தேன். புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. என் புகார், குச்சி நோயை வரவழைத்தது என்பது அல்ல. அது ஒரு கேள்வியின் வாயை அடைத்தது. தொண்டை வலி வந்ததா என்று கேட்ட முதல் டாக்டருக்கு, வந்தது, காய்ச்சல் பலமாக இருந்தது என்று பதில் போயிருந்தால், அந்தச் சோம்பேறி கூடச் சிறுநீரைப் பார்த்திருப்பார். வலிப்பு வாசலில் நிற்கிற பிள்ளையைக் காரில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்ற யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். மலை ஏறுகிற வழியில் என் வீட்டுப் பாத்ரூம் இருந்ததுதான் இதில் நடந்த ஒரே உருப்படியான பரிசோதனை.

இப்போது வேடிக்கை. ஆஸ்பத்திரி டாக்டரே, காலைச் சிறுநீரை வீட்டில் பட்டை வைத்துப் பாருங்கள், ரத்தம் கசிவது நிற்கக் கொஞ்ச மாதம் ஆகலாம், அதற்காகப் பதற வேண்டாம், குறித்த நாளில் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கட்டாயம் வாருங்கள் என்றார். வீட்டில், பட்டை என்ற இரண்டு சொற்கள் கேட்டதும் செந்திலின் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் கவனித்தேன். பெட்டியாக வாங்கினார்.

அதன் பிறகு என் காலைகள் ஒரு போட்டோவோடு விடிந்தன. பேத்தியின் சிறுநீரில் நனைந்த பட்டை. முதல் நாள் போட்டோவை, நனைத்து அரை மணி கழித்து டியூப் லைட்டின் கீழ் எடுத்திருந்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் காடு போலப் பச்சை. ஒரு நிமிடத்தில் படிக்க வேண்டியதை அரை மணி கழித்துப் படித்தால் அது சிறுநீரைப் பற்றிச் சொல்லாது, உங்கள் சோம்பலைப் பற்றித்தான் சொல்லும் என்று பதில் போட்டேன். இரண்டாம் நாளிலிருந்து ஜன்னல் வெளிச்சம், சரியான நேரம். என் மாணவர்களில் பலர் இவ்வளவு சீக்கிரம் திருந்தியதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

"மாமா, இன்னிக்குப் பச்சை கொஞ்சம் ஜாஸ்திங்ளா?"

"இல்லை."

"நேத்தைக்கு மாதிரியே இருக்குதுங்ளா?"

"ஆமாம்."

"சரீங் மாமா."

குறித்த நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். சிறுநீரகம் வீங்கியபோது ரத்தத்தில் குறைந்துபோயிருந்த சி-3 என்ற புரதம் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. அது திரும்பாவிட்டால் நோய் வேறு என்று அர்த்தம். எனக்கு அந்த நாள் வரை அதுதான் பயம். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் போட்டோ வந்துகொண்டிருந்தது. பச்சை மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஒரு காலை போட்டோ வரவில்லை. செய்தித்தாளை முழுதாகப் படித்தேன். வரி விளம்பரமும் படித்தேன். இந்தப் பட்டை, பெட்டி எல்லாவற்றையும் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால், போட்டோ ஏன் வரவில்லை என்று நானாகப் போன் செய்வது எனக்கு அழகில்லை. செய்தேன்.

இனியா எடுத்தாள்.

"அப்பா எங்க கண்ணு?"

"ரிக்குக்குப் போயிட்டாரு தாத்தா. ராசிபுரத்துல பாயிண்ட்டாம்."

"பட்டை வச்சுப் பாக்கலையா இன்னிக்கு?"

"மறந்துட்டாரு. நானும் சொல்லலை."

"சரி, நீயே சொல்லு. ஒண்ணுக்கு என்ன கலர்ல இருந்துச்சு?"

பின்னால் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது.

"ஒண்ணுக்குக் கலர்லதான் இருந்துச்சு தாத்தா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.